கொடைக்கானல் சூரிய ஆய்வகம்: 120 ஆண்டு படங்களும் 40 ஆண்டு பழைய சாஃப்ட்வேரும்... மாற்றாமல் வைத்திருப்பது ஏன்?

உங்கள் செல்போனில் உள்ள ஆப்கள் மாதத்துக்கு ஒரு முறையாவது அப்டேட் கேட்கும். ஐந்து வருஷத்துக்கு முன் வாங்கிய போனில் சில ஆப்கள் இப்போது ஓடுவதே இல்லை. ஆனால் 1980களில் எழுதப்பட்ட சாஃப்ட்வேரை இன்றைக்கும் கைவிடாமல் பயன்படுத்தும் ஒரு துறை இருக்கிறது. அதுதான் வானியல்.

அந்தத் துறையில் தமிழ்நாட்டுக்கும் ஒரு முக்கியமான இடம் உண்டு. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் இருக்கின்றன. கண்ணாடித் தகட்டில் இருந்த அந்தப் படங்கள் இன்று கணினி ஃபைல்களாக மாறிவிட்டன. அந்த ஃபைலின் வடிவம் 1979-ல் முடிவு செய்யப்பட்டது.

ஏன் இவ்வளவு பழைய முறை? புதுசா ஒன்று எழுதினால் என்ன? இதனால் நமக்கு என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

கொடைக்கானலில் அப்படி என்ன இருக்கிறது?

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய பெரும் பஞ்சத்துக்குப் பிறகு, பருவமழை ஏன் பொய்க்கிறது என்ற கேள்வி எழுந்தது. சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் மழைக்கும் தொடர்பு இருக்குமோ என்று அன்றைய விஞ்ஞானிகள் சந்தேகப்பட்டனர். சூரியனைத் தினமும் கவனிக்க ஓர் இடம் வேண்டும் என்ற பேச்சு வலுத்தது.

மிச்சி ஸ்மித் என்ற வானியலாளர் நீலகிரியையும் பழனி மலையையும் ஆராய்ந்து பார்த்தார். கடைசியில் தேர்வானது கொடைக்கானல். 1899-ல் சென்னை வானியல் ஆய்வகத்தின் பணிகள் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,340 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த மலைக்கு மாறின.

முக்கியமான தேதிகள் இவை:

- 1904: கால்சியம் ஒளியில் சூரியனின் படம் எடுக்கும் பணி தொடங்கியது.
- 1909: சூரியக் கரும்புள்ளியில் வாயு வெளிப்புறமாகப் பாய்வதை ஜான் எவர்ஷெட் இங்கே கண்டுபிடித்தார். இன்றும் அதற்கு 'எவர்ஷெட் விளைவு' என்றே பெயர்.
- 1912: ஹைட்ரஜன் ஒளியிலும் படம் எடுக்கத் தொடங்கினர்.
- 1971: இந்திய வானியற்பியல் நிறுவனம் (ஐ.ஐ.ஏ.) தன்னாட்சி அமைப்பானது. கொடைக்கானல் ஆய்வகம் அதன் கீழ் வந்தது.

இரண்டு உலகப் போர்கள், சுதந்திரம், எமர்ஜென்சி என்று நாட்டில் என்ன நடந்தாலும், மேகம் விலகிய நாட்களில் இங்கே சூரியனைப் படம் பிடித்தபடியே இருந்தார்கள். கரும்புள்ளிகள் கூடுவதும் குறைவதும் சுமார் 11 ஆண்டுக்கு ஒரு சுற்றாக நடக்கும். அந்தக் கணக்கில், ஏறத்தாழ 11 சுற்றுகளின் பதிவு இந்த மலையில் இருக்கிறது. இவ்வளவு நீண்ட, தொடர்ச்சியான சூரியப் பதிவு உலகத்திலேயே வெகு சில இடங்களில்தான் உண்டு.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 1908-ம் ஆண்டு சூரியனை மறுபடியும் போய்ப் படம் எடுக்க முடியாது. இருக்கிற பதிவு போனால், போனதுதான்.

தகட்டிலிருந்து கணினிக்கு எப்படி வந்தது?

கண்ணாடித் தகடு உடையும். ஃபிலிம் நாளடைவில் மங்கும். அதனால் இந்தப் பதிவுகளை டிஜிட்டல் ஆக்கும் வேலை தொடங்கியது. முதலில் செய்தபோது கிடைத்த தெளிவு போதவில்லை. பின்னர் மேம்பட்ட கேமரா அமைப்பைக் கொண்டு, ஒரு படத்துக்கு 4,096 × 4,096 புள்ளிகள் என்ற அளவில் மறுபடியும் செய்தார்கள்.

தகடுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால்தான் இந்த இரண்டாவது முயற்சி சாத்தியமானது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்துக்கும் 16 பிட் இடம் ஒதுக்கப்பட்டது. அதாவது 65,536 படிநிலைகள். நம் போனில் இருக்கும் சாதாரண ஜேபெக் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிநிலைகள்தான். போதாததற்கு, ஜேபெக் படத்தைச் சுருக்கும்போது சில தகவல்களைக் கழித்துவிடும். வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவைப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகத் தெரிகிறதே, அதற்குக் காரணம் இந்த மாதிரிச் சுருக்கல்தான்.

கல்யாண போட்டோவுக்கு அது பரவாயில்லை. சூரியனை அளப்பதற்கு ஆகாது. எனவே இந்தப் படங்கள் 'ஃபிட்ஸ்' என்ற ஃபைல் வடிவத்தில் சேமிக்கப்பட்டன.

ஃபிட்ஸ் என்றால் என்ன?

1970களில் ஒவ்வொரு ஆய்வகமும் தனித்தனி வகைக் கணினி வைத்திருந்தது. ஒன்றில் பதிந்த காந்த நாடாவை இன்னொன்றில் போட்டால் படிக்காது. அமெரிக்காவிலும் நெதர்லாந்திலும் இருந்த வானியலாளர்கள் தங்களுக்குள் படங்களைப் பரிமாறிக்கொள்ள 1979-ல் ஒரு பொது வடிவத்தை உருவாக்கினர். 1981-ல் அது ஆய்விதழில் வெளியானது. 1982-ல் சர்வதேச வானியல் ஒன்றியம் அதை ஏற்றுக்கொண்டது.

ஒரு ஃபிட்ஸ் ஃபைலில் இரண்டு பகுதிகள் இருக்கும்.

1. தலைப்புப் பகுதி: படம் எப்போது எடுத்தது, எந்தத் தொலைநோக்கி, எத்தனை புள்ளி அகலம், எத்தனை புள்ளி உயரம் போன்ற விவரங்கள். இது வெறும் எழுத்துகளாகவே இருக்கும். சாதாரண நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம்.
2. தரவுப் பகுதி: படத்தின் எண்கள்.

தலைப்பில் ஒவ்வொரு வரிக்கும் சரியாக 80 எழுத்துகள். ஏன் 80? அந்தக் காலத்துத் துளை அட்டையில் 80 நெடுவரிசைகள் இருந்தன. அதுதான் காரணம். அந்த மாதிரி 36 வரிகள் சேர்ந்தால் 2,880 பைட். ஃபிட்ஸ் ஃபைல் எதுவாக இருந்தாலும் 2,880 பைட் கட்டிகளாகத்தான் இருக்கும். அன்றைக்கு இருந்த விதவிதமான கணினிகளின் 'வேர்ட்' நீளங்களுக்கு மீதமில்லாமல் வகுபடும் அளவாகப் பார்த்து இதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

துளை அட்டை வழக்கொழிந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஆனால் இன்றைய விண்வெளித் தொலைநோக்கிகளின் படங்களிலும் அந்த 80 எழுத்து வரி அப்படியே இருக்கிறது.

மாறவே மாறாதா?

மாறும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. புதிய விதி எதுவும் பழைய ஃபைலைச் செல்லாததாக்கக் கூடாது. ஒரு முறை ஃபிட்ஸ் என்று ஏற்றுக்கொண்ட ஃபைல், என்றைக்கும் ஃபிட்ஸ்தான். 1981-ல் எழுதிய ஃபைலையும் இன்றைய சாஃப்ட்வேர் படித்தாக வேண்டும்.

இது கொடைக்கானல் மாதிரியான இடத்துக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம்.

ஆரம்பகால ஃபிட்ஸ் விதிப்படி தேதியை நாள்/மாதம்/வருஷம் என்று எழுத வேண்டும். வருஷத்துக்கு இரண்டே இலக்கம். 2000-ம் ஆண்டு நெருங்கியபோது உலகமே பயந்த 'ஒய்2கே' பிரச்சினை இங்கேயும் வந்தது. வருஷம் '08' என்று இருந்தால் அது 1908-ஆ, 2008-ஆ? இரண்டு ஆண்டுகளிலும் சூரியப் படம் எடுத்த ஆய்வகத்துக்கு இது விளையாட்டுக் கேள்வி இல்லை.

1997-ல் விதி மாறியது. இனிமேல் வருஷத்தை நான்கு இலக்கத்தில்தான் எழுத வேண்டும் என்றார்கள். ஆனால் பழைய ஃபைல்களைக் குப்பையில் போடவில்லை. இரண்டு இலக்கம் இருந்தால் அதற்கு முன் '19' இருப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சேர்த்துவிட்டார்கள். இதனால் புதிதாக எழுதுபவருக்குப் புதிய விதி கிடைத்தது, பழைய ஃபைலைப் படிப்பவருக்கும் வழி அடைபடவில்லை.

சரி, இந்த ஃபைல்களை ஆய்வு செய்யும் சாஃப்ட்வேர்?

இங்கேயும் வயதானவர்கள்தான் அதிகம். மூன்றைப் பார்ப்போம்.

*ஐ.டி.எல்.:* 1977-ல் வந்த நிரல் மொழி. 1990களில் யோகோ, சோஹோ போன்ற சூரிய விண்கலங்களின் தரவுகளை ஆராய 'சோலார்சாஃப்ட்' என்ற பெரிய தொகுப்பு இதில் எழுதப்பட்டது. உலகெங்கும் சூரிய ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவருவது இதைத்தான். ஐ.டி.எல். இலவசம் அல்ல, உரிமக் கட்டணம் உண்டு.

*ஐராஃப்:* அமெரிக்காவின் தேசிய ஒளியியல் வானியல் மையத்தில் 1981-ல் தொடங்கிய திட்டம். நட்சத்திரப் படங்களையும் நிறமாலைகளையும் அளக்க உதவுவது. கொடைக்கானலை நடத்தும் அதே ஐ.ஐ.ஏ.வுக்கு, ஜவ்வாது மலையில் காவலூரிலும் ஓர் ஆய்வகம் உண்டு. அங்கே உள்ள வைணு பாப்பு தொலைநோக்கி 1986-ல் வந்தது. அதில் எடுத்த தரவுகளோடு வளர்ந்த பல தலைமுறை மாணவர்கள் ஐராஃப் கற்றே ஆராய்ச்சி செய்தார்கள்.

*லாபேக்:* இது வானியலுக்கு மட்டும் உரியது அல்ல. சமன்பாடுகளைத் தீர்க்கும் ஃபோர்ட்ரான் நிரல் தொகுப்பு, 1992-ல் வெளியானது. இன்றைக்குப் பைத்தான் படிக்கும் கல்லூரி மாணவர்கள் 'நம்பை' பயன்படுத்துகிறார்கள் இல்லையா? அணிக் கணக்குகளுக்கு அது உள்ளுக்குள் நம்பியிருப்பது லாபேக்கைத்தான்.

புதுசா எழுதினால் என்ன?

எழுதுகிறார்கள். சூரிய ஆய்வுக்காக 'சன்பை', பொது வானியலுக்காக 'ஆஸ்ட்ரோபை' என்று பைத்தானில் இலவசத் தொகுப்புகள் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வளர்ந்துவிட்டன. இளம் ஆய்வாளர்கள் அதிகமும் அந்தப் பக்கம்தான். அவையும் ஃபிட்ஸ் ஃபைலையே படிக்கின்றன.

ஆனாலும் பழையதை ஒரே நாளில் நிறுத்த முடியாததற்குக் காரணங்கள் உண்டு.

- ஒப்பிட முடியாமல் போகும்: ஒரு கரும்புள்ளியின் ஓரம் எங்கே முடிகிறது என்பதை நிரல்தான் முடிவு செய்கிறது. நிரல் மாறினால் பரப்பளவும் கொஞ்சம் மாறும். அப்போ 1920-க்கும் 2020-க்கும் வித்தியாசம் தெரிந்தால், மாறியது சூரியனா, சாஃப்ட்வேரா? பழையதையும் புதியதையும் ஒரே படத்தில் ஓட்டிப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். அதற்குப் பழையது உயிரோடு இருக்க வேண்டும்.
- தவறுகள் ஏற்கெனவே களையப்பட்டிருக்கும்: 30 ஆண்டுகளாக ஆயிரக்கணக்கானோர் பயன்படுத்திய நிரலில் பெரும்பாலான பிழைகள் பிடிபட்டிருக்கும். புதிய நிரலில் அதை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.
- எழுதி வைக்காத அறிவு: ஒரு கருவி காலையில் ஒரு மாதிரியும் மதியம் ஒரு மாதிரியும் நடந்துகொள்ளும். கொடைக்கானலில் கண்ணாடி மூலம் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பும் அமைப்பில், நேரம் ஆக ஆகப் படம் மெல்லச் சுழலும். அந்தச் சுழற்சியைக் கணக்கிட, படம் எடுத்த நேரம் சரியாகத் தெரிய வேண்டும். நேரம் பிசகினால் சூரியனின் வடக்கு திசையே பிசகும். இந்த மாதிரித் திருத்தங்கள் பல சமயம் நிரலுக்குள் இரண்டு வரியாகத்தான் இருக்கும். அந்த இரண்டு வரி எதற்கு என்று தெரியாமல் நீக்கினால் சிக்கல்.

வேறு எங்கெல்லாம் பழைய சாஃப்ட்வேர் ஓடுகிறது?

இது வானியலோடு நிற்கவில்லை.

கொடைக்கானலுக்கு ரயிலில் போக கோடை ரோடு ஸ்டேஷனுக்கு டிக்கெட் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ரயில்வேயின் கணினி முன்பதிவு 1985-ல் டெல்லியில் சோதனை முறையில் தொடங்கியது. பிறகு ரயில்வேயின் கிரிஸ் அமைப்பு 'கான்செர்ட்' என்ற சாஃப்ட்வேரை உருவாக்கி 1994-ல் செகந்திராபாத்தில் அறிமுகம் செய்தது. 1999-ல் சென்னை உட்பட ஐந்து மையங்களும் இணைந்தன. 2002-ல் ஐ.ஆர்.சி.டி.சி. இணையதளம் வந்தபோது, திரை புதிதாக இருந்தாலும் அதன் பின்னால் சீட் ஒதுக்கியது கான்செர்ட்தான்.

உலக அளவில் பல வங்கிகளின் கணக்குகள் 1959-ல் உருவான கோபோல் மொழியில் எழுதிய நிரல்களில் ஓடுகின்றன.

1977-ல் ஏவிய வாயேஜர்-1 விண்கலம் 2023 நவம்பரில் புரியாத தரவுகளை அனுப்பத் தொடங்கியது. கணினி நினைவகத்தின் ஒரு சிப் பழுதாகியிருந்தது. அதில் இருந்த நிரலை நாசா பொறியாளர்கள் துண்டு துண்டாகப் பிரித்து வேறு இடங்களில் வைத்து, 2024 ஏப்ரலில் மீண்டும் பேச வைத்தார்கள். பல பத்தாண்டுகளுக்கு முந்தைய ஆவணங்களைப் புரட்டித்தான் அதைச் செய்ய முடிந்தது.

நம் தமிழ் ஃபைல்களுக்கு என்ன ஆனது?

ஃபிட்ஸ் மாதிரி ஒரு பொது வடிவம் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாடு போக வேண்டாம். நம்ம ஊர் டி.டி.பி. கடைக்குப் போனால் போதும்.

பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேர் 1985-ல் வந்தது. அதன் 7.0 பதிப்பு 2001-ல் வெளியானது. 2004-ல் அடோபி நிறுவனம் அதன் வளர்ச்சியை நிறுத்திவிட்டது. ஆனாலும் கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் அடிக்கும் எத்தனையோ கடைகளில் இன்றும் பேஜ்மேக்கர் ஓடுகிறது.

காரணம் எழுத்துரு. யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் பேஜ்மேக்கர் யூனிகோடை ஏற்காது. எனவே பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தார்கள். இவற்றில் ஆங்கில எழுத்துக்கு உரிய இடத்தில் தமிழ் எழுத்தின் உருவம் உட்கார்ந்திருக்கும். எந்த எழுத்து எங்கே என்பது எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும்.

விளைவு? அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் இருக்காது, அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். எந்த எழுத்துரு என்பது தெரிந்தால், மாற்றியைக் கொண்டு யூனிகோடுக்குக் கொண்டுவரலாம். அது தெரியாவிட்டால் கஷ்டம்.

1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை அடுத்து 'டாம்', 'டாப்' என்ற தரங்களைத் தமிழக அரசு அறிவித்தது. 2010 ஜூனில் யூனிகோடையும் 'டேஸ்-16' குறியேற்றத்தையும் அரசின் தரமாக ஏற்றது. ஆனால் அதற்கு முன் தட்டச்சு செய்த புத்தகங்கள், மலர்கள், ஆய்வேடுகள் ஏராளம். அவற்றில் பலவற்றைத் திறக்க, பழைய கணினியையும் பழைய எழுத்துருவையும் இன்றும் வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வானியலாளர்கள் விரும்பியதால் பழைய சாஃப்ட்வேரை வைத்திருக்கிறார்கள். ஃபைல் வடிவம் பொதுவானது என்பதால் எப்போது வேண்டுமானாலும் புதியதற்கு மாறலாம். நம் டி.டி.பி. கடைகளில் ஃபைல் அந்த சாஃப்ட்வேரிலும் அந்த எழுத்துருவிலும் மாட்டிக்கொண்டதால், வேறு வழியில்லாமல் வைத்திருக்கிறார்கள்.

அப்போ ஆபத்து எது?

சாஃப்ட்வேரின் வயதைவிட, அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் போவதுதான் பெரிய ஆபத்து.

ஐராஃபையே எடுத்துக்கொள்ளுங்கள். 2013-ல் அதை உருவாக்கிய மையம் மேம்பாட்டை நிறுத்திவிட்டது. ஆனால் மூல நிரல் வெளியில் கிடைத்தது. அதனால் அதைப் பயன்படுத்தியவர்களே தன்னார்வமாகச் சேர்ந்து, இன்றைய லினக்ஸ், மேக் கணினிகளில் ஓடும்படி திருத்தி வருகிறார்கள். மூல நிரல் பூட்டி வைக்கப்பட்டிருந்தால் அந்தக் கதை 2013-லேயே முடிந்திருக்கும்.

ஃபிட்ஸின் நம்பகத்தன்மையைப் பார்த்து, வானியலுக்குச் சம்பந்தமே இல்லாத வாடிகன் நூலகம்கூட தன் பழைய கையெழுத்துச் சுவடிகளின் டிஜிட்டல் படங்களை அதில் சேமிக்கிறது. திறந்த வடிவம், எழுதி வைத்த விதிகள், எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லை என்பவைதான் காரணம்.

இதனால் நமக்கு என்ன?

1989 மார்ச்சில் வந்த சூரியப் புயலால் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சுமார் 60 லட்சம் பேர் பல மணி நேரம் மின்சாரம் இல்லாமல் தவித்தார்கள். 2024 மே மாதம் வந்த பெரிய புயலின்போது லடாக்கின் ஹான்லேவில் வானம் சிவந்ததைப் பார்த்தோம். செயற்கைக்கோள், ஜி.பி.எஸ்., மின் கட்டமைப்பு என்று எல்லாவற்றையும் சூரியன் பாதிக்கும். 2023 செப்டம்பரில் இந்தியா ஆதித்யா எல்-1 விண்கலத்தை அனுப்பியதற்கும் சூரியனைப் புரிந்துகொள்வதே நோக்கம். அதன் முக்கியக் கருவியான வெல்க்கை உருவாக்கியதும் ஐ.ஐ.ஏ.தான்.

ஆதித்யா இன்று பார்ப்பது வழக்கமானதா, அசாதாரணமானதா என்று எப்படித் தெரியும்? பழைய சுற்றுகளோடு ஒப்பிட்டுத்தான். அந்தப் பழைய சுற்றுகளின் ஃபைல்கள் திறக்க வேண்டும், அதிலுள்ள தேதி சரியாகப் படிக்கப்பட வேண்டும், அளக்கும் முறை புரிய வேண்டும்.

உங்கள் ஃபைல்களுக்கு நீங்கள் என்ன செய்யலாம்?

- பழைய எழுத்துருவில் உள்ள தமிழ் ஃபைல்களை, அந்த எழுத்துரு கைவசம் இருக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றி வையுங்கள். ஃபைலோடு எழுத்துருவின் பெயரையும் எழுதி வைப்பது நல்லது.
- முக்கியமான குடும்பப் படங்களை வாட்ஸ்அப்பில் வந்த பிரதியாக அல்லாமல், ஒரிஜினல் ஃபைலாகவே சேமியுங்கள்.
- ஸ்கேன் செய்துவிட்டோமே என்று பழைய ஆல்பத்தையும் நெகட்டிவையும் தூக்கிப் போடாதீர்கள். கொடைக்கானலில் இரண்டாவது முறை தெளிவாகப் பதிவு செய்ய முடிந்தது, தகடுகள் பத்திரமாக இருந்ததால்தான்.
- படத்தின் தேதியில் வருஷத்தை நான்கு இலக்கத்தில் எழுதுங்கள்.